கழித்த எண்

கப்பலின் இரும்பு பொய் சொல்லும்.
அதனால் இருநூறு மீட்டர் பின்னால்
கட்டி இழுத்து வருகிறோம் ஒரு மஞ்சள் குழலை.
மீன் என்றுதான் அதற்குப் பெயர்.
போன செப்டம்பரில் ஒரு சுறா அதை நம்பி
வாலைக் கடித்துப் பார்த்தது.

லா பலோமாவின் கலங்கரை விளக்கம்
மாலையே முழுகிவிட்டது.
லிபெர் மாத்தே உறிஞ்சுகிறான்.
நான் எண்களைப் பார்த்திருக்கிறேன்:
இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பத்து,
பதினொன்று,
பதினொன்று,
ஒன்பது.
பூமியின் காந்தம் மெலிந்துகிடக்கும் கடல் இது.
சின்ன முணுமுணுப்புக்கும் காது கொடுக்க வேண்டும்.

ரோச்சாவில் மாடுகள் முதுகு சொறிந்து
வழவழப்பாக்கிய பாறைதான்,
மணல்மேட்டுக்கு அடியில் புகுந்து
சேற்றுக்கும் அடியில் படுத்து
இங்கே வரைக்கும் வந்திருக்கிறது.
சேறு மறைக்கும்,
காந்தத்திடம் அல்ல.
ஏழு மணிக்குக் கோடு ஏறியது.
நாற்பது. தொண்ணூறு. நூற்றறுபது.
பதினோரு மணி வாக்கில்
யாரோ கைவிட்டதுபோல் இறங்கியது.

அகலம் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

அக்கரையில், எலும்புக்கூட்டுக் கரைக்கு எதிரே
நெலாகோ அளந்தது நாற்பத்திரண்டு.
திரையில் அட்லாண்டிக்கைச் சுருட்டி
அவள் கோட்டை என் கோட்டின்மேல் வைத்தேன்.
ஒரே வளைவு, ஒரே சாய்வு,
கிழக்கு ஓரத்தில் மட்டும்
ஒரு கடி குறைந்தது.
"உன் பக்கம் சுறாவா?" என்று எழுதியிருந்தாள்.

கரையில் ஒரு கருவி இருக்கிறது.
சூரியன் நாள்தோறும் செய்யும் குறும்பை
அது எழுதி வைக்கும், நாங்கள் கழிப்போம்.
அதன் ஏட்டைப் புரட்டினேன்.
செவ்வாய்தோறும் இரவு, பத்து ஐம்பதிலிருந்து
இருபது நிமிடத்துக்கு ஒரு புடைப்பு.
சூரியனுக்குச் செவ்வாய்க்கிழமை தெரியாது.

காவலாளி எலாடியோவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
இரும்பு எதுவும் வேலிக்குள் கூடாது என்று
எழுதி மாட்டியிருக்கிறதே?
ஒரு பழைய லாரி, என்றார். தன்னுடையதுதான்.
பிரிந்து இரண்டு வருடமான மனைவி
பிள்ளைச் செலவுப் பணம் வாங்க
மீன் ஆலையிலிருந்து நேரே வருகிறாளாம்.
வெளியே காற்று அதிகமாம்.

பணம் எண்ண இரண்டு நிமிடம் போதும்.
மீதிப் பதினெட்டை நான் கேட்கவில்லை.

ஐந்து நாட் வேகத்தில் இருபது நிமிடம்
மூன்று கிலோமீட்டர்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
வாகனம். நீக்கப்பட்டது.
கோடு நிமிர்ந்தது. நாற்பத்தொன்று.

இன்னும் ஒன்று உதைக்கிறது.
பிளந்தபோது பொடிந்ததோ,
என் கணக்கோ, அவள் கணக்கோ.
உருகுவே உருகுவேயாகவும்
நமீபியா நமீபியாவாகவும் ஆவதற்குப்
பன்னிரண்டு கோடி வருடம் முன்பே நடந்த பாகப்பிரிவினை,
ஒரு கிலோமீட்டருக்காக இப்போது யாரை எழுப்ப?

அடுத்த செவ்வாய் அளக்க வேண்டிய வரியைப்
புதனுக்கு மாற்றச் சொன்னேன்.
ஏன் என்று கேட்ட லிபெரிடம்
வானிலை என்றேன்.
அவன் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு
மாத்தேயில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினான்.