ஏற்றத்தில் இறங்கும் முள்

மூன்றாவது பம்ப் வாங்கக் காசில்லாததால்
முதல்முறையாக யோசித்தேன்.

தொண்ணூற்றொன்பது மாடல் டாட்ஜ்,
மூன்று லட்சத்துப் பதினோராயிரம் மைல்,
கதவடியில் துரு, இருக்கையெல்லாம் ஆட்டு ரோமம்.
நாலு வருஷத்தில் இரண்டு இன்ஜெக்‌ஷன் பம்பைத் தின்றுவிட்டது.
இரண்டு முறையும் ஓட்டியவன் எலெயூத்தேரியோ,
பெரு நாட்டிலிருந்து வயோமிங் வந்து
எங்கள் கிடையை மேய்ப்பவன்.
“மிதித்தே கொன்றான்” என்றான் என் அண்ணன் பெயோ.
அவன் சம்பளத்தில் முந்நூறு டாலர் பிடித்தோம்.
பிடித்தோம் என்கிறேன்.
காசோலையில் கையெழுத்து என்னுடையது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த ஜூனில் மறுபடியும் அதே நோய்:
மிதித்தால் ஒரு நொடி செத்துப் பிறகு விழிக்கும் இன்ஜின்.
உதிரிபாகக் கடை டெல்மார்
பம்பின் விலையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.
நான் கூரையைப் பார்த்தேன்.
“அப்படியானால் முதலில் இது” என்று
இருபத்தெட்டு டாலர் அழுத்தமானி ஒன்றும்
ஆறடிக் குழாயும் தள்ளினான்.
டீசல் உள்ளே வரக்கூடாதென்று
கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்குக் கீழே,
டேப் போட்டு ஒட்டினேன்.

பவுடர் ரிவர் கணவாய்க்கு ஏறும் சாலை.
பின்னால் டிரெய்லரில் முப்பது தாயாடும் குட்டிகளும்.
நான் ஓட்ட, எலெயூத்தேரியோ முள்ளைப் படித்தான்
தன் மொழியில்.
நின்றபோது: கட்டோர்சே. பதினான்கு.
சமதரையில்: ஓன்சே.
முதல் வளைவு: சியெத்தே.
மூன்றாம் கியர், மிதி தரையோடு:
தோஸ்.
அதற்குமேல் அவன் எண் சொல்லவில்லை.
முள் தன் ஆணிமேல் படுத்திருந்தது.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வருமாம்.
சட்டி நிறைய இருந்தது,
காலையில்தான் நிரப்பினேன்.
வழியில் பட்டினி.

பிறகு தெரிந்துகொண்டது:
அந்தப் பம்புக்கு டீசல் சோறு மட்டுமல்ல,
குளிக்கிற தண்ணீரும்.
எரிவது கொஞ்சம்.
மீதி உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு
டேங்குக்கே திரும்புகிறது.
எரியாமல் திரும்பும் அந்த டீசல்தான்
அதை உயிரோடு வைத்திருக்கிறது.
குறைந்தால் உள்ளுக்குள் வேகும்.
வெளியே தெரியாது.
சாகும் நேரத்தில் எவன் கால் மிதியில் இருக்கிறதோ
அவன் தலையில் விடியும்.

இன்ஜின் விலாவில், சூட்டிலும் நடுக்கத்திலும்,
தூரத்து டேங்கிலிருந்து உறிஞ்சி உறிஞ்சிக் களைத்த
பழைய லிஃப்ட் பம்பைக் கழற்றினேன்.
தள்ளத் தெரிந்ததை இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
புதியதை டேங்குக்குப் பக்கத்திலேயே
சட்டத்தில் வைத்து இறுக்கினேன்.
அரை அங்குலக் குழாய் இழுத்தேன்.
வழிநெடுகக் கழுத்தை நெரித்த
சின்னத்துளை போல்ட்டுகள் டப்பாவுக்குப் போயின.
வயரை மாற்றி மாட்டிவிட்டு
அரைமணி நேரம் அது சும்மா முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்,
நானும் எலெயூத்தேரியோவும்.
ஓர் இணைப்பு ஒழுகி முழங்கைவரை டீசல்.
ஞாயிறு பூசையில் பக்கத்திலிருந்தவள்
நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுபடி அதே ஏற்றம், அதே ஆடுகள்.
நின்றபோது பதினேழு.
மிதி தரையோடு:
கட்டோர்சே, என்றான்.
அடுத்த வளைவில்: கட்டோர்சே.
அதற்கடுத்ததில் எண் சொல்லாமல்
விரலால் கண்ணாடியைத் தட்டினான்.

உச்சியில் காற்று கதவைப் பிடுங்கியது.
உறையில் முந்நூறு வைத்திருந்தேன்,
பெயோவிடம் கேட்கவில்லை.
மன்னிப்புக்கு அவன் மொழியில் ஒரு சொல் தெரியும்.
உச்சரிப்பு பிசகும் என்று
நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.
அவன் எண்ணினான்,
ஆடு எண்ணும் அதே முகத்தோடு.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தபின்
“முதல் பம்புக்கு எண்பது” என்றான்.

அதை நான் மறந்தே போயிருந்தேன்.

பர்ஸைத் திறந்தேன்.
அறுபத்திரண்டு இருந்தது.