மூட்டைத் தராசில்

ஜவ்வரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ரிம்மை வைத்தேன்.
மாவு படிந்த தட்டு. ஞாயிறு மதியம்.
ஆலையில் கணக்குப் பார்க்கும் நானும்
காவலுக்கிருந்த பெரியண்ணனும் மட்டும்.
"கிலோ என்ன வெலைக்குப் போவுதும்மா?" என்றார்,
பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்று நினைத்து.

கம்பெனி ரிம், பதினாறு அங்குலம்: ஒன்பது கிலோ நூறு.
கேட்டு வாங்கி வந்த பதினைந்து: ஆறு எண்ணூறு.
நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து மிச்சம் ஒன்பது கிலோ சொச்சம்.
பெரியண்ணன் சிரித்தார்,
"ஒரு வேளை சாப்பாட்டைக் குறைச்சா ஆச்சு."
சீட்டில் உட்கார்ந்து வரும் கனம் என்றால் சரிதான்.
இது ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற கனம்,
குழிக்குக் குழி குதிக்கும்,
பிரேக்குக்குப் பிரேக் முரண்டு பிடிக்கும்.

ஐந்து ரோட்டில் ஜக்கரியா கடைச் சுவரில்
பதினேழு அங்குலம் தொங்கியது,
கத்தி கத்தியாய்க் கம்பிகள், கறுப்பும் செம்பும்.
"மேடம், இதப் போட்டு ஏற்காடு ஏறுங்க,
பஸ்ஸே ஒதுங்கி வழி விடும்."
விடும்தான்.
செட்டிபாளையத்து ஓடுதளத்தில், மூன்றாம் திருப்பத்தில்,
மாதாமாதம் நான் தொலைத்துவிட்டு வரும்
முக்கால் நொடியை
எந்த பஸ் ஒதுங்கித் தரும்?

டயரைப் புரட்டிப் பக்கச்சுவரைப் படித்தேன்.
நானூறு என்றால் கல்மனசு, வருஷக்கணக்காய் உழைக்கும்.
நூறு என்றால் பசை;
அம்மாப்பேட்டையில் ஒரு மழை தேங்கினால் சோப்புக்கட்டி.
திங்கட்கிழமை இதே காரில்தான் ஆலைக்கு வரவேண்டும்.
இருநூறில் நின்றது விரல்.
கீழே நான்கு இலக்கம் இருந்தது:
எட்டாவது வாரம், பத்தொன்பதாம் வருஷம்.
"புது ஸ்டாக்" என்றார் ஜக்கரியா.
நான் விரலை எடுக்கவில்லை.
அவர் டீ சொன்னார்.
நிஜமான புதுசு வரப் பதினோரு நாள் ஆனது.

ரிம் சிறுத்தால் பிரேக்கில் இடிக்குமோ என்று பயம்.
மரவள்ளி மாவைப் பிசைந்து
கேலிப்பரின் நெற்றியில் ஒட்டி,
ரிம்மை மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினேன்.
நசுங்கிய மாவு நான்கு மில்லிமீட்டர்.
மூன்று என்றால் தூங்கியிருக்க மாட்டேன்.

விலையை வீட்டில் இரண்டாகப் பிரித்தேன்.
ஒரு பாதியை இன்னும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, விடியுமுன் நாலரை.
பின்சீட்டை மடித்து மூன்று சக்கரம்,
ஜாக்கி, காற்றுமானி, ஒரு டப்பா புளிசாதம்.
நான்காவது முன்சீட்டில்.
கொண்டலாம்பட்டி தாண்டுமுன்பே கார் கத்தியது,
பெல்ட் போடு, பெல்ட் போடு.
டயரோடு பதினைந்து கிலோ;
ஆள் என்றே நம்பிவிட்டது.
ஓரம் கட்டி, ரப்பர் வயிற்றைச் சுற்றிப் பூட்டினேன்.
சங்ககிரி வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காற்று இருபத்தெட்டில் தொடங்கியது.
நாலு சுற்றில் முப்பத்தைந்து.
மூன்று இறக்கினேன்.
தோளில் அச்சிட்ட குட்டி முக்கோணத்தின் நுனியைத்
தேய்மானம் தொட்டும் தொடாமலும் நின்றது.
மூன்றாம் திருப்பத்தில் ஸ்டியரிங்
முதல்முறையாக என் கையோடு பேசியது.
டயர் கிறீச்சிடவில்லை, முனகியது,
முனகும்வரை நம்பலாம்.

முக்காலில் அரை நொடி கிடைத்தது.
மீதிக் கால்
என் வலது காலில் இருக்கிறது,
அதைக் கடையில் விற்பதில்லை.

சாயங்காலம் பழைய ரிம்களை மாட்டிக் கிளம்பினேன்.
ஐம்பது கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது வழக்கம்.
அவிநாசி தாண்டி, புளியமரத்தடியில் நிறுத்தினேன்.
"பஞ்சராம்மா?" என்றார் லாரிக்காரர், வேகம் குறைத்து.
இல்லையென்று கையசைத்தேன்.
இருபது நட்டு.
பத்தொன்பது, கை வைத்ததும் டிக் என்றன.
பின்பக்கம், இடது, மேலிருந்து இரண்டாவது மட்டும்
அரை விரல் நகர்ந்து கொடுத்துவிட்டு
அப்புறம்தான் சொன்னது.