காணாது

அன்று காலை நூற்றுப் பதினேழு சீட்டு.
நூற்றி நாலாவது,
பத்து மாதக் குழந்தை, எட்டுக் கிலோ, காய்ச்சல்.
கை தன்பாட்டுக்கு எழுதியது:
பாரசிட்டமால் ஐந்து மில்லி, மூன்று வேளை, மூன்று நாள்.

சிரப் இருப்பில்லை, வெளியே வாங்கிக்கங்க என்று
மருந்து ஜன்னலில் ஜெசிந்தா சொன்னது
எனக்குத் தெரியாது.
அடுத்த நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தேன்.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்துகையில்
திரும்பி வந்தாள் பாண்டிச்செல்வி.
மேலூர் போய்வந்த பஸ் டிக்கெட்
இன்னும் விரலிடுக்கில்.
தோளில் குழந்தை, உள்ளங்கையில் ஒரு சின்னப் பாட்டில்.
"இது காணாது டாக்டரு."

நான் திருவள்ளூர்ப் பக்கம்.
காணாது என்றால் தொலைந்துபோனது.
எதைக் காணோம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பாட்டிலை மேசைமேல் வைத்தாள்.
"இதுல மொத்தமே பதினஞ்சு.
வேளைக்கு அஞ்சுன்னா இன்னைக்கே தீந்துரும்.
மூணு நாளைக்குல்ல எழுதிருக்கீக?
இன்னும் ரெண்டு வாங்கவா?"

லேபிளைத் திருப்பினேன்.
சொட்டு மருந்து.
ஒரு மில்லியில் நூறு.
நான் மனதில் வைத்து எழுதிய சிரப்பில்
ஐந்து மில்லிக்கே நூற்றி இருபத்தைந்துதான்.
நாலு மடங்கு. ஒரு நாளைக்கு மூன்று தடவை.
எட்டுக் கிலோ உடம்பில்
ஈரல் எவ்வளவு இருக்கும்,
ஒரு கைப்பிடி?

குடுத்துட்டீங்களா?
என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"காணாத மருந்த எப்பிடித் தொடங்குறது?"

மருந்தியலில் எழுபத்தொன்பது வாங்கியவன் நான்.
எந்தத் தாளிலும் யாரும் கேட்டதில்லை
பாட்டில் எத்தனை நாளைக்கு வரும் என்று.
நாற்பத்திரண்டு ரூபாயை
மூன்றால் பெருக்கிப் பார்த்தவள் கேட்டாள்.

சீட்டை வாங்கி அடித்தேன்.
மில்லிகிராம் எழுதினேன், பாட்டிலின் பெயர் எழுதினேன்.
சொட்டுக் குழாயில் ஒரு மில்லிக் கோட்டின்மேல்
பேனாவால் இன்னொரு கோடு.
இதுவரைக்கும்தான், ஒரே தடவை.
எடுத்துக் காட்டுங்க என்றேன்.
எடுத்தாள். கொஞ்சம் மேலே போனது.
மறுபடி எடுத்தாள்.
பையிலிருந்து பாலாடையை உருவி
இதுல ஊத்திக் குடுக்கலாமா என்றாள்.
குடுக்கலாம், அளக்க வேண்டாம், அது அளவுப் பாத்திரமில்லை.
தலையாட்டினாள், என்னை நம்பி.
அந்த நம்பிக்கைதான் இப்போது பயமாயிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.
நடக்காத தவறுக்குப்
பதிவேட்டில் கட்டம் கிடையாது.

ஆனால் ஜெசிந்தாவின் நோட்டில்
'சிரப் இல்லை' என்று சிவப்பு மையில்
இன்றைய தேதிக்கு மூன்று பெயர்.
மூன்றும் என் கையெழுத்து,
மூன்றிலும் வெறும் மில்லி.
ஒருத்தி வந்துவிட்டாள்.
இன்னொன்றில் போன் நம்பர் இருந்தது.
பாட்டி எடுத்தார்; இன்னும் வாங்கவே போகலையாம்.
மூன்றாவதில் நம்பர் இல்லை,
குழந்தையின் பெயர், கருங்காலக்குடி, அவ்வளவுதான்.

டேங்க் மூடியைத் திறந்து பைக்கை ஆட்டிப் பார்த்தேன்.
வாசலில் நின்ற ஜெசிந்தாவிடம்
கேட்டேன்:
இது காணுமா?