என்கிற

முன்சீப் கோர்ட்டில் என் வேலை
ஒருவருக்கு அன்றைக்கு நடந்ததை
ஒற்றை வரியில் எழுதி மூடுவது.
பதிவேட்டின் கட்டம் அவ்வளவுதான் அகலம்.

திருத்துறைப்பூண்டியில் அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை.
நடவு நாள், கூட்டமும் இல்லை.
முப்பத்தொன்றாவது கேஸுக்கு முன்னால் வந்தவள்
முழங்கை வரை காய்ந்த சேற்றோடு நின்றாள்.
கையில் கோடு போட்ட நோட்டுத் தாள்,
மகளின் பென்சில் எழுத்தில்
"கனம் கோர்ட்டார் அவர்களுக்கு."

"வக்கீல் யாரும்மா?"
"நாந்தாங்க."
இரண்டு ஜூனியர்கள் சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை,
தாளை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

உரக்கடைக்காரர் போட்ட வழக்கு.
செத்துப்போன புருஷன் கையெழுத்திட்ட புரோநோட்டு,
நாற்பத்திரண்டாயிரம், வட்டி தனி.
போன தை மாதம் மூன்று தடவை கூப்பிட்டது டவாலி:
அஞ்சுகம், அஞ்சுகம், அஞ்சுகம்.
எழுதியது நான்:
அழைக்கப்பட்டார். ஆஜரில்லை. ஒருதலைப்பட்சம்.

வராந்தாவில் நின்றேன் என்கிறாள்.
இருபதடி இருக்கும்.
பொழுது சாயும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு.
அஞ்சுகம் என்று அவளை அறிந்தது
ரேஷன் கார்டு ஒன்றுதான்.
முள்ளியாறு உடைத்துக்கொண்ட வருஷம் பிறந்தவள்,
ஊருக்கு அவள் வெள்ளச்சி.

"சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்க.
ஃப்ரீயா வக்கீல் வெச்சுத் தருவாங்கம்மா."
"ஃப்ரீன்னா எவ்வளவுங்க?"

பரிந்துரைச் சீட்டை நான்தான் நிரப்பினேன்.
வழக்கு எண், தாலுகா, ஆண்டு வருமானம்
(பெண்ணுக்கு வருமானம் கேட்க வேண்டியதில்லை,
கேட்டுவிட்டேன், அவளும் யோசித்துச் சொன்னாள்).
பெயர் என்ற இடத்தில் அஞ்சுகம் என்று எழுதி
பேனாவை எடுக்காமல்
"என்கிற வெள்ளச்சி" சேர்த்தேன்.
சேர்க்கச் சொல்லி உத்தரவு எதுவும் இல்லை.

குழுவின் அறை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்.
வக்கீல் ரஹ்மத்துன்னிசா கூத்தாநல்லூரிலிருந்து பஸ் மாறி வருவாள்.
இந்தக் கேஸுக்கான ஃபீஸ்
அடுத்த சித்திரையில் வந்தால் சீக்கிரம்.
கட்டைப் பிரித்து ஒரு தாளில் விரல் வைத்தாள்:
"சம்மன் கதவுல ஒட்டினதா அமீனா எழுதியிருக்காரு."
"கதவு ஏதுங்க? கஜாவுல போச்சு.
தட்டி கட்டியிருக்கு."
"போதும்மா! சம்மனே வரலை,
கேஸு நடந்ததே தெரியாதுன்னு போட்டுடலாம்."

வெள்ளச்சி தலையாட்டவில்லை.
"தெரியும்ங்க. தலையாரி சொன்னாரு. வந்தேன்.
ஒருநாள் கூலிய விட்டுட்டு வந்தேன்.
வரலேன்னு அவங்க எழுதிட்டாங்க,
நீங்களும் எழுதாதீங்க."

பக்கத்து பீரோவில் நான் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.
எதை என்று இப்போது ஞாபகமில்லை.

லேசான வழியை மடித்து வைத்துவிட்டு
ரஹ்மத்துன்னிசா கஷ்டமான வழியில் எழுதினாள்:
வந்திருந்தேன். நின்றிருந்தேன்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த வாய்தாவில்
டவாலி மூன்று தடவை அஞ்சுகம் என்றார்,
சீட்டைப் பார்த்தார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு
வாய்க்கால் கரையில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி
"ஏ... வெள்ளச்சி!"
"தோ, இருக்கேங்க!"
பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

மனு அனுமதிக்கப்பட்டது.
வாதிக்குச் செலவுத்தொகை ஐந்நூறு,
பத்து நாளுக்குள்.
"ஃப்ரீன்னாங்களே," என்றாள்.
வக்கீலிடம் பதில் இல்லை.
என்னிடமும் இல்லை.
ஐந்நூறு என்றால் ஒன்றரை நாள் நடவு.

கேஸ் இனிமேல்தான் ஆரம்பம்.
கையெழுத்து அவன் போட்டதுதானா,
கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு,
எல்லாம் பாக்கி இருக்கிறது.
தோற்கவும் தோற்கலாம்.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தேன்.
அஞ்சுகம் என்கிற வெள்ளச்சி:
பெயர் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கோட்டைத் தாண்டி
பக்கத்தில் வக்கீல் பெயருக்கு விட்டிருந்த இடத்தில்
பாதியை எடுத்துக்கொண்டது.
மீதிப் பாதியில்
ரஹ்மத்துன்னிசாவை நெருக்கி எழுதினேன்.