திருப்பித் தரப்படாது

பயிற்சிக் கட்டணம் ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
அதற்கு ஜிஎஸ்டி முப்பத்திரண்டாயிரத்து நானூறு.
கீழே, எறும்பு வரிசை மாதிரி எழுத்தில்,
எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
மேல்தோல் தைக்கக் கற்ற மூன்று மாதமும்
எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.
பாதிச் சம்பளம்தான்.
ஆனாலும் கவரில் போட்டு, பெயர் எழுதி.
பதினோரு வருஷம் கழித்து
அங்கே சேர்ந்த பி.எஃப். பணத்தை எடுத்து
முதலாளி ஆவது எப்படி என்று படிக்கக் கட்டினேன்.

இருபத்தோரு நாள்.
சத்துவாச்சாரியில் மூன்றரைக்கு எழுந்து
பாலாற்றுப் பாலத்தைக் கோதண்டத்தின் ஆட்டோவில் தாண்டுவேன்.
இருட்டில் எல்லா ஆற்றிலும் தண்ணீர் இருக்கிறது.
காட்பாடியில் சென்னை வண்டி.

ரசீதில் வராதவையும் உண்டு.
சீசன் டிக்கெட்.
கோதண்டம் விட்ட காலைச் சவாரிகள்.
பையனைப் பள்ளிக்கு அனுப்பிய
எதிர்வீட்டு ரெஜினாவுக்கு ஒரு புடவை.
பக்கிள் இல்லாத கறுப்பு ஷூ ஒரு ஜோடி,
நான் தைத்த ரகமேதான்,
தைத்த கூலியைப்போல அறுபது மடங்கு விலை.

பயிற்சி தருபவர் நிகில், இருபத்து நாலு வயது.
சார் என்றேன்.
‘பெயர் சொல்லுங்க மேடம், அதுதான் நம்ம கல்ச்சர்.’
அன்றிலிருந்து சாரும் இல்லாமல் பெயரும் இல்லாமல்
‘ஏங்க’ என்றே ஒப்பேற்றினேன்,
வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி.

எண்ணெய் நூற்று அறுபத்தைந்து டிகிரி.
கூடை இறங்கினால் பன்னிரண்டு நிமிஷம்.
ஆள் உள்ளே வந்த மூன்று வினாடிக்குள் சிரிப்பு.
எல்லாம் ரெண்டு நாளில் வந்துவிட்டது,
சிரிப்புகூட.

வராதது ஒன்று.
பொரித்து நாற்பது நிமிஷம் ஆனால் கொட்ட வேண்டும்.
மணி அடிக்கும்.
யோசிக்காமல் தட்டைக் கவிழ்க்க வேண்டும்.
கொட்டியதை நிறுத்து எழுத ஒரு படிவம்.
என் தட்டில் ஒன்பது துண்டு இருந்தது.
நான் அதைக் கறியாகப் பார்த்தேன்.
நேரமாகப் பாருங்கள் என்றார் நிகில்.
ஆறாம் நாள்தான் கவிழ்த்தேன்.
எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில்
கத்திரிக்காய்க் குழம்புச் சட்டியோடு
பின்கட்டுக்கு நடந்துகொண்டிருந்தேனாம்.
கோதண்டம் மணிக்கட்டைப் பிடித்து,
‘மணி எதுவும் அடிக்கலையே’ என்றார்.

இப்போது கடை பாகாயம் போகிற வழியில்.
ஒரு துண்டில் எனக்கு நிற்பது ஒன்பது ரூபாய்.
படித்த காசு மட்டும் திரும்ப
இருபத்து மூவாயிரத்து அறுநூறு துண்டு விற்க வேண்டும்.
ஷட்டர் பக்கத்துச் சுவரில், காலண்டருக்குப் பின்னால்,
பென்சிலால் கூட்டி வருகிறேன்.
நேற்றுவரை நாலாயிரத்துப் பதினெட்டு.

இன்று காலை ஒரு மெயில்.
புது மெனு. மறுபயிற்சி கட்டாயம்.
நாற்பத்திரண்டாயிரம், வரி தனி.
சுவரில் இருப்பதெல்லாம் அதற்கே போதாது.
கணக்குப்படி பார்த்தால்
நான் இன்னும் காட்பாடியில்
முதல் நாள் வண்டிக்கு நிற்கிறேன்,
ஷூ கடித்துக்கொண்டு,
கொட்டத் தெரியாதவளாக.

மணி அடிக்கிறது.
தட்டில் ஐந்து துண்டு.
வெளியே ஆட்டோவை அணைக்காமல்
கோதண்டம்.