கழித்தது போக

மார்கழி பிறக்க இன்னும் எட்டு நாள்.
தக்கலை மின்வாரியத்தில் பணம் வாங்கும் ஜன்னலைச் சாத்திவிட்டு
வீட்டுக்கு வந்து, செருப்போடு மாடி ஏறினேன்.
சுவரில் பாரமானி. ஆயிரத்து மூன்று.

மாலை நாலு மணிக்கு எப்படியும் இறங்கும்.
மேகமே இல்லாத நாளிலும் இறங்கும், பத்து மணிக்கு ஏறும்.
காற்றுக்கும் உண்டு ஒரு வேலியேற்றம்.
அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு.
கழித்தேன்.
கழித்தது போக ஐந்து குறைந்தது.
உள்ளங்கை வேர்த்தது.
சந்தோஷம்தான், வேறென்ன.

ஆரல்வாய்மொழியில் தாணுலிங்கம்
காற்றாலைகளுக்குப் பழுது பார்ப்பவன்,
எண்பது மீட்டர் உயரத்தில் நின்று பேசினான்:
"வாடை விழுந்தாச்சு அக்கா. ஒரு றெக்கை அனங்கல்ல.
மலை பக்கத்துல வந்து நிக்குது."
குலசேகரத்தில் நர்ஸ் ஜாஸ்பின்,
பிரசவ வார்டின் மொட்டை மாடியில் மழைமானி வைத்திருப்பவள்,
எவ்வளவு பெய்யும் என்றாள்.
இருநூறு மில்லி என்றேன்.
"முந்நூறு சொல்லு" என்றாள்
ஏலம் கேட்கிற குரலில்.

ஐரோப்பாக்காரன் போட்ட கோடு குளச்சல் மேலே ஏறியது.
அமெரிக்காக்காரன் கோடு தெற்கே விலகி மாலத்தீவுக்கு.
நாங்கள் மூன்று பேரும் ஐரோப்பா கட்சி.

ரப்பர் ஒடியும்.
ஏத்தன் வாழை குலை தள்ளி நிற்கிறது.
கம்பம் சாய்ந்தால் திட்டு வாங்கப்போவது என் ஜன்னல்.
எல்லாம் தெரியும்.
ஒக்கி அன்று நான் சேலத்தில், பயிற்சி வகுப்பில்.
பார்க்கவில்லையே என்று ஒரு குறை உண்டு.
இந்த மாவட்டத்தில்
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பதினொன்றேகாலுக்கு கில்டஸ், வள்ளவிளையிலிருந்து.
மேகப் படங்களைப் பிள்ளைகளின் படம்போல்
தேதி போட்டு அடுக்கி வைப்பவன்.
பாரமானி என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

"அத்தான் தங்கலுக்குப் போயிருக்கு.
கொல்லத்துக்கு நேர் மேற்கே அறுபது மைல்.
எச்சரிக்கை வந்து ரெண்டு நாளாச்சு, அவங்களுக்குக் கேட்டது இப்பதான்.
வயர்லெஸ் எந்நேரமும் அறுந்திரும்.
எந்தப் பக்கம் ஓடணும்? நீ சொல்லு."

எழுபது சதவீதம் என்று சொல்லிப் பழகிய வாய் இது.
எழுபது சதவீதம் வடக்கு என்று
ஒரு படகைத் திருப்ப முடியாது.

வடகிழக்கு என்றேன். கொச்சிப் பக்கம். இப்பவே.
"உறுதிதானே?"
உறுதி என்றேன்.
சொன்ன பிறகுதான் படத்தை விரித்து
விரலால் அளந்தேன்.
சாணுக்குள் அடங்கியது கடல்.

அப்புறம் தூங்கவில்லை.
ஒரு மணிக்கு ஆயிரம். இரண்டரைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
பக்கத்து வீட்டுத் தகரம் பல்லைக் கடித்தது.
முள் இறங்க இறங்க
என் ஒரு பாதி கணக்கெழுதியது,
மறு பாதி முதல்முறையாக
அமெரிக்காக்காரன் ஜெயிக்கட்டும் என்றது.
எந்தப் பாதி பெரியது என்று அளக்கக் கருவி இல்லை.

நாலு மணி. எப்படியும் இறங்கும் நேரம்.
ஏறியது.

ஆரல்வாய்மொழியில் உச்சக் காற்று அறுபத்து நாலு.
"இவ்வளவுதானா" என்றான் தாணு.
ஜாஸ்பினுக்கு நாற்பத்தொரு மில்லி, ஒரு இரட்டைக் குழந்தை.
எங்கள் தெருவில் முருங்கை விழுந்தது,
முருங்கை எப்போதும் விழும்.
நோட்டில், குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
எதிர்பார்த்தது வரவில்லை.

ஆறு நாற்பதுக்கு கில்டஸ்.
முனம்பத்தில் கட்டியிருக்கிறார்களாம்.
வலை போச்சு. ஆள் ஒன்பதும் உண்டு.
நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.
எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன்,
பேனா கையில்தான் இருந்தது.

அவன் இணைப்பைத் துண்டிக்கவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"பிள்ளே, சுமத்ராவுக்குக் கீழே ஒண்ணு திரண்டு கிடக்கு.
பாத்தியா?"

நாலே காலுக்கே பார்த்துவிட்டேன்.