நூறு ஹெர்ட்ஸ்

பன்னிரண்டு சிலிண்டர்களின் உறுமலைக்
காதாலேயே சுருதி சேர்த்தவன் நான்.
இப்போது கம்பெனி தந்திருக்கும் வேலை:
சத்தமே இல்லாத காருக்கு
ஒரு சத்தம்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் சாலை.
மூன்று விநாடியில் நூறு.
முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
காதுக்கு மட்டும் நாங்கள் கிளம்பவே இல்லை.
வெள்ளாடுகள் வழிவிடவில்லை.
பம்பர் வாலை உரசிய பிறகுதான்
மேய்க்கிறவர் "அட, வண்டி!" என்றார்.

மடிக்கணினியில் பதினேழு உறுமல்கள்:
புலி, செல்லோ,
நிறுத்திவிட்ட பழைய மாடலின் ஆவி.
ஓட்டிப் பார்த்த உமையாள்
ஒவ்வொன்றாய் அணைத்தாள்.
"செத்த அண்ணன் குரல்ல
தம்பி பேசுற மாதிரி இருக்கு."

இரவு ஊருணிக்கரையில் சார்ஜ் போட்டோம்.
எட்டரைக்குத் தெருவே இருண்டது.
லைன்மேன் சேவுகன் வந்தார்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
பியூஸ் போட்டதும்
டிரான்ஸ்பார்மர் முனகத் தொடங்கியது.
காரின் முதுகைத் தட்டிச் சொன்னார்:
"இது ஊமையில்ல சார்.
உங்க இஞ்சின் அந்தா,
கம்பத்துல ஏறி உக்காந்திருக்கு."

ரெக்கார்டரோடு ஓடினேன்.
நூறு ஹெர்ட்ஸ், கொஞ்சம் நடுக்கம்,
பின்னால் ஊருணித் தவளைகள்.

தவளைகளை நீக்கச் சொல்லி
நாளை மேலிடம் எழுதும்.